மொத்தக் கணக்கில் தெரியாத நெரிசல்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரி. இரவு எட்டு மணிக்கு மேல் விடுதியில் இணையம் இழுக்கிறது என்று மாணவர்கள் மாதக்கணக்காகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். லைனில் பாதி காலியாகத்தான் கிடக்கிறது என்பது அலுவலகத்தின் பதில். அதற்குக் கிராஃபும் வைத்திருந்தார்கள். அந்தக் கிராஃபை நம்பாத இரண்டு ஒப்பந்த ஊழியர்களோடு ஓர் இரவு சர்வர் அறையில் இருந்தேன். ஒருவர் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். மற்றவர் டிப்ளமோ முடித்து வந்த இளைஞர்.

கல்லூரியின் மையமான கோர் சுவிட்சிலிருந்து விடுதி சுவிட்சுக்கு இரண்டு ஃபைபர், ஒவ்வொன்றும் ஒரு ஜிகாபிட். இரண்டையும் ஒரே லைனாகச் சேர்த்திருந்தார்கள். 2000-இல் 802.3ஏடி என்ற பெயரில் தரவிதியாகி, 2008-இல் 802.1ஏஎக்ஸ் ஆன முறை இது. எல்ஏசிபி செய்திகளால் இரு சுவிட்சுகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்.

“மொத்தத்த விடுங்க தம்பி. போர்ட் போர்ட்டா காட்டுங்க.”

திரையில் முதல் போர்ட் 960 மெகாபிட்டைத் தாண்டியிருந்தது. இரண்டாவதில் 20கூட இல்லை. கூட்டிப் பார்த்தால் 2000-க்கு 980 சொச்சம். அலுவலகம் சொன்ன பாதி அதுதான். முதல் போர்ட்டில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கையோ ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறிக்கொண்டே இருந்தது. மாணவர்கள் சொன்னதில் பொய்யே இல்லை.

சுவிட்ச் பாக்கெட்டுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பதில்லை. அப்படிக் கொடுத்தால் வரிசை கலைந்து போய்ச் சேரும். முகவரிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு, அதில் வரும் விடைப்படி லைனைத் தேர்ந்தெடுக்கிறது. அதே முகவரிகள் என்றால் எப்போதும் அதே லைன். இங்கே மேக் முகவரியை வைத்துக் கணக்கு. விடுதி சுவிட்சே ரௌட்டிங்கும் செய்வதால், எந்த மாணவரின் பாக்கெட்டாக இருந்தாலும் அந்த ஃபைபரில் ஏறும்போது அதன்மேல் இருப்பது இரு சுவிட்சுகளின் மேக் முகவரிகள் மட்டுமே. விடை மாறவே வழியில்லை.

ஐபி முகவரியையும் டிசிபி போர்ட் எண்ணையும் வைத்துக் கணக்கிடச் சொல்லி மாற்ற வேண்டும். இளைஞர் விடுதி சுவிட்சைத் திறந்தார்.

“அது அப்புறமுங்க. எந்த லைன்னு அனுப்புற பக்கந்தான் முடிவு பண்ணும். பசங்க டவுன்லோடு கோர்ல இருந்துதானே வருது?”

“சரிங்ண்ணா.”

கோரில் மாற்றிய சிறிது நேரத்தில் முதல் லைன் 560, இரண்டாவது 610. மொத்தம் முன்பைவிடக் கூடியிருந்தது. அவ்வளவு தேவை இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. பாக்கெட் இழப்பு நின்றது. இரண்டும் சரிசமமாக வராது என்றார் பெரியவர். ஒரே சர்வரிலிருந்து ஒருவர் ஒரு பெரிய ஃபைலை இறக்கினால் அது ஒரே லைனில்தான் வரும், ஒரு ஜிகாபிட்டைத் தாண்டாது.

பிறகு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃபைபரை அவரே உருவினார். பிங்கில் ஒரே ஒரு பதில் தவறியது. ஒளி நின்றதும் சுவிட்ச் புரிந்துகொள்கிறது. ஆனால் நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருந்தால், அந்தப் பக்கம் அறுந்தும் இந்தப் பக்கம் ஒளி எரிந்துகொண்டிருக்கலாம். அப்போது எல்ஏசிபி செய்தி மூன்று தவறினால்தான் தெரியும். நொடிக்கொன்று என்று வைத்திருந்தால் 3 நொடி, 30 நொடிக்கொன்று என்றால் 90 நொடி. அவ்வளவு நேரமும் அந்த லைனில் போவதெல்லாம் வீண். எந்த வளாகத்துக்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது, “நடுவுல கன்வெர்ட்டர் இருக்குதுங்களா?”

கண்காணிப்பிலும் அதே கறார். 1995-இல் தோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்ஆர்டிஜி என்ற கண்காணிப்பு மென்பொருளின் ஐந்து நிமிடச் சராசரி இன்றும் பல இடங்களில் வழக்கத்தில் இருக்கிறது. சில நொடிகளே வந்துபோகும் நெரிசலை அந்தச் சராசரி காட்டாது. 32 பிட் கவுண்டரை வைத்தால் இன்னும் மோசம். ஒரு ஜிகாபிட் வேகத்தில் 34 நொடியில் நிறைந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். 64 பிட் கவுண்டரா என்று அவர் சொல்லச் சொல்ல இளைஞர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

லைன்களை இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பவர்களின் அறிக்கைதான் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அன்றிரவே மொத்த கிராஃபை எடுத்துவிட்டு, போர்ட்டுக்கு ஒரு கிராஃபும் அதன் கீழே பாக்கெட் இழப்பும் வரும்படி மாற்றினார்கள். மாற்றத்துக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் மாணவர்களின் புகார்களோடு சேர்த்து அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டு, விடுதி சுவிட்சை மாற்ற இருவரும் கிளம்பினார்கள்.