தண்ணி எங்கடா வந்திருக்கு?

காட்டுப்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு உறவினர்கள் மத்தியில் திடீர் மரியாதை வரும் மாதங்கள் இரண்டு. நவம்பர், டிசம்பர். செம்பரம்பாக்கம் ஏரி எனக்குப் பக்கத்து வீடு என்று நினைப்பு. நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் போதும், "ஏரி எவ்வளவு அடி?" என்று போன் மேல் போன். என்னவோ ஷட்டர் சாவியை நான்தான் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற மாதிரி!

2015 டிசம்பர் 1. ராத்திரி ஜாபர்கான்பேட்டையிலிருந்து அக்கா பேசினாள்.

"தம்பி, 29,000 கன அடி திறந்திருக்காங்களாம். அப்படின்னா என்னடா?"

நான் பி.காம். கணக்கு என்றால் சும்மா விடுவேனா? நொடிக்கு 29,000 கன அடி என்றால் சுமார் 8.2 லட்சம் லிட்டர். எங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில், நொடிக்கு 68 லாரி! பெருமையாகச் சொன்னேன்.

"லாரி கணக்கா கேட்டேன்? மாமியாரை மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும். தண்ணி இப்ப எங்கடா வந்திருக்கு? எவ்வளவு நேரம் இருக்கு?"

லைன் கட். கட்டாகாமல் இருந்திருந்தாலும் என்னிடம் பதில் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். ஏரிக்கு பாஸ்புக் மாதிரி எல்லாம் உண்டு. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு. ஆனால் பணம் பாங்கை விட்டு வெளியே வந்த பிறகு? திருநீர்மலை தாண்டியதா, அனகாபுத்தூரில் நிற்கிறதா? அந்த ராத்திரி அக்காவுக்குத் தேவைப்பட்டது அந்தக் கணக்குதான்.

பிற்பாடு ஒரு செய்தி படித்தேன். 2012 மே மாதம், கலிபோர்னியாவில் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தார் சேக்ரமென்டோ ஆற்றில் நூறு மிதவைகளை விட்டார்களாம். தண்ணீர் புகாத உருளைக்குள் ஒரு செல்போன், அவ்வளவுதான்! தண்ணீரோடு தண்ணீராகப் போய்க்கொண்டே, "இதோ, இங்கே இருக்கேன்" என்று ஆய்வகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் அதை வைத்து ஆறு எங்கே எவ்வளவு வேகமாகப் போகிறது என்று படம் போட்டுவிடும். சிலவற்றுக்குக் குட்டி மோட்டாரும் உண்டு.

'ஆற்றில் மிதக்க மோட்டார் எதுக்கு?' என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் பக்கம் உபரிநீர்க் கால்வாயில் ஒரு தேங்காயை விட்டு, கையில் வாட்சோடு கரையில் ஓடினேன். முதல் நூறு அடி பிரமாதம். அப்புறம் ஆகாயத்தாமரைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. அசையவேயில்லை. மோட்டார் எதுக்கு என்று அப்போது புரிந்தது. வீட்டில், "ஏங்க, சட்னிக்கு வெச்சிருந்த தேங்காயைக் காணோமே?" என்ற கேள்விக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

மழையில்லாத மாதங்களிலும் இதற்கு வேலை உண்டு. தண்ணீரின் தரத்தைப் பார்க்கும் கருவியையும் அதிலேயே பொருத்தலாம். பாலத்தில் நின்று ஒரு பாட்டில் மொண்டால் அந்த இடத்துக் கதை மட்டும்தான் தெரியும். கூடவே பயணம் போகிற கருவிக்குத்தான் சாக்கடை எங்கே வந்து கலக்கிறது என்று தெரியும்.

நம்மூரிலும் சும்மா இல்லை. 2019-ல் சென்னைக்கென்றே ஒரு வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பு வந்தது. எந்தப் பகுதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கக்கூடும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும். நல்ல விஷயம். கூடவே, வெள்ளத்தோடு ஓடிவந்து தகவல் சொல்ல அடையாற்றில் நூறு மிதவைகளும் இருந்தால், கணக்கு சரியா என்று அப்போதைக்கப்போது தெரிந்துவிடுமே!

அன்று ராத்திரி அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. இருட்டில் நாலு பேராக மாமியாரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிவிட்டார்கள். விடிந்தபோது கீழே கட்டில் மிதந்துகொண்டிருந்ததாம்.

இப்போதும் மழை வந்தால் அக்கா போன் வரும். கேள்வி மாறவில்லை: "தண்ணி எங்கடா வந்திருக்கு?"

நானும் மாறவில்லை. "ஏரி 22 அடிக்கா" என்கிறேன்.