மாமாவின் ஜிம்னி

வார இறுதியில் செகிஞ்சான் வயலையும் கடலையும் பார்க்கக் கிளம்பும் நம்மவர்கள், அதற்குச் சற்று முன்னால் வரும் சுங்கை புரோங்கில் பெரும்பாலும் வண்டியை நிறுத்துவதில்லை. நிறுத்திப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையோரம் சில கடைகள், கடல் பக்கம் தென்னையும் செம்பனையும் சூழ்ந்த கம்பங்கள், உள்பக்கம் கண்ணுக்கெட்டிய வரை நெல். புரோங் என்றால் மலாயில் பறவை. அறுவடை முடிந்து உழும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் படும்.

எனக்கு அது நிறுத்தியே ஆக வேண்டிய ஊர். என் தாய்மாமா அங்கே இருக்கிறார். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே டிராக்டர் ஓட்டி, ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணத்தில் நான்கு ஏக்கர் செம்பனை வாங்கினார். கூடவே பழைய சுசூகி ஜிம்னி ஒன்றும் வாங்கினார். எஸ்.ஜே.410 ரகம். இஞ்சின் 970 சிசிதான், ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும்.

அந்த மண்ணுக்கு அப்படிப்பட்ட வண்டிதான் வேண்டும். 1930களில் தொடங்கி, சதுப்புக் காட்டை வெட்டி, பிறகு பெர்ணம் ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வழியாகத் தெங்கி ஆற்றுக்குக் கொண்டுவந்து வயலாக்கிய வட்டாரம் இது. தரையெல்லாம் கடற்களிமண். மழை பெய்தால் சிலிப்பரை மண்ணில் விட்டுவிட்டுத்தான் கால் வெளியே வரும். லாரி உள்ளே வராது. வெட்டிய குலையை அன்றோ மறுநாளோ ஆலைக்கு அனுப்பாவிட்டால் பழத்தில் அமிலம் ஏறிவிடும், விலை இறங்கிவிடும். தோப்பிலிருந்து சாலைக்குக் குலைகளை இழுத்து வருவது ஜிம்னிதான்.

போன மாதம் மாமா கூப்பிட்டார். "தம்பி, ஜிம்னி லோவுல நிக்க மாட்டேங்குது. இழுக்கும்போது கியரு தானா வெளிய வந்துருது."

"பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க மாமா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை நானே கிளம்பிப் போனேன். 2011ல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக் வந்து, கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் தாண்டினால் ஊர் வந்துவிடும்.

பட்டறைக்காரர் சீனர். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "டிரான்ஸ்ஃபர் கேஸ் போயிருச்சு அண்ணே. மாத்தணும்" என்றார்.

கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தருகிற பெட்டி அது. பல வண்டிகளில் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும். இந்த ஜிம்னியில் தனியாக, வண்டியின் நடுவயிற்றில், மூன்று ரப்பர் தாங்கிகளில் தொங்குகிறது. கியர்பாக்ஸை இறக்காமலே கழற்றிவிடலாம். அதனால்தான் இப்படிச் சின்னப் பட்டறையிலும் ஒரே நாளில் வேலை முடிகிறது.

முதலில் ஆயிலை வடித்தார். கறுப்பாக வந்தது. தவுக்கே அதில் விரலை நனைத்து வெயிலில் காட்டினார். ஜிகினா தூவியதுபோல் இரும்புத் துகள் மின்னியது.

"தார் ரோட்டுல போர்வீல் போட்டு ஓட்டினீங்களா?"

மாமா இல்லை என்று தலையாட்டினார். தவுக்கே எனக்காக விளக்கினார். வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். போர்வீலில் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டியிருக்கும். சேற்றில் டயர் வழுக்கிக்கொள்ளும், பிரச்சினை இல்லை. தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதையும் உள்ளே இருக்கிற பற்சக்கரங்கள் வாங்கிக்கொள்ளும்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல்கலைக்கழகத்தில் படித்தபோது, நண்பர்களிடம் பெருமையடிக்க இந்த வண்டியைக் கேட்டு வாங்கி, போர்வீலிலேயே செகிஞ்சான் கடற்கரை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மாமாவிடம் அதைச் சொன்னதே இல்லை.

தவுக்கே வேலையைத் தொடர்ந்தார். மூன்று ஷாஃப்டுகளிலும் பெயிண்டால் குறி போட்டார்; மாட்டும்போது அதே இடத்தில் பொருந்தாவிட்டால் வண்டி அதிரும். ஸ்பீடோமீட்டர் கேபிள், போர்வீல் விளக்கின் ஒயர், உள்ளிருந்து வரும் லீவர், கடைசியில் தாங்கி நட்டுகள். ஜேக்கில் வைத்து மெல்ல இறக்கினார்.

பழைய உதிரிபாகக் கடையிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்திருந்தன. ஒன்று இதே 410 உடையது. இன்னொன்று அதற்கு அடுத்த 413 உடையது; சில மாற்றங்கள் செய்தால் பொருந்தும். 410ல் லோ விகிதம் 2.511, 413ல் 2.268. எண் குறைந்தால் வேகம் கூடும், இழுவை பத்து சதவீதம்போலக் குறையும்.

"413 போடுங்க மாமா. மெயின் ரோட்டுல நல்லா ஓடும்" என்றேன்.

"மெயின் ரோட்டுல எனக்கு என்னடா வேலை? பாரிட் வரைக்கும் போயி வரணும். அம்புட்டுதான்."

410 பெட்டியையே மாட்டினார்கள். ரப்பர் தாங்கிகள் மூன்றும் புதிது. பக்கத்துத் துளை வழியாக ஆயில் வழியும்வரை ஊற்றி மூடினார் தவுக்கே. ஒரு லிட்டர்கூடப் பிடிக்கவில்லை. அந்த அளவு ஆயிலை இத்தனை வருடம் யாரும் திறந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் தோப்புக்குப் போகும் வழியில் சொல்லிவிட்டேன். "மாமா, அன்னிக்கு செகிஞ்சானுக்கு நான் போர்வீல்லதான் ஓட்டினேன்."

"தெரியும். மறுநாள் பாத்தேன். லீவரும் அப்படியே கெடந்துச்சு, ஹப்பும் பூட்டியிருந்துச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ மறுபடியும் வண்டி கேட்டு வந்திருப்பியா? வண்டி கேக்கத்தான் நீ இந்தப் பக்கம் வருவ."

பதில் சொல்ல முடியவில்லை. பட்டணத்தில் வேலை கிடைத்த பிறகு நான் எத்தனை முறை வந்தேன் என்று எண்ண ஒரு கை போதும். ஒருநாள் ஓட்டத்தில் பெட்டி போகாது, வருடக்கணக்கில் ஆயில் மாற்றாததுதான் காரணம் என்று தவுக்கே சொல்லியிருந்தார். அது எனக்கு முழு ஆறுதலாக இல்லை.

தோப்பில் பாதை குழம்பிக் கிடந்தது. மாமா இறங்கி முன்சக்க‌ர ஹப் இரண்டையும் பூட்டினார், லீவரை லோவுக்குத் தள்ளினார். பின்னால் பன்னிரண்டு குலை. ஜிம்னி முனகிக்கொண்டு, நடக்கிற மனிதனின் வேகத்தில், சேற்றை அரைத்துக்கொண்டு ஏறியது. லீவர் அசையவில்லை. மாமா ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

மேட்டுக்கு வந்ததும் சாவியை என்னிடம் கொடுத்து, "வீடு வரைக்கும் நீ ஓட்டு" என்றார்.

லீவரைப் பழையபடி தள்ளினேன். தார்ச் சாலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். அவர் சொல்வதற்கு முன்பே இறங்கி, சேறு அப்பியிருந்த இரண்டு ஹப்பையும் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.