பின்கதவும் இரண்டாவது கியரும்

ஓவர்ஹால் முடிந்து வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தகராறு செய்தால், கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்த கதைதான். ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். வண்டிக்காரருக்கு மெக்கானிக் மேல் சந்தேகம். மெக்கானிக்குக்கு உதிரிபாகம் விற்றவர் மேல். விற்றவரோ, "ஓட்டுறவங்க ஓட்டினா இப்படி ஆகாது" என்று விஷயத்தை வண்டிக்காரர் தலையிலேயே இறக்கிவிடுவார். பெட்டி மட்டும் வாய் திறக்காது. கையால் போடும் கியராவது கரகரவென்று சத்தம் போட்டுத் தன் குறையைச் சொல்லும். ஆட்டோமேட்டிக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒரு உதை, ஒரு இழுவை, சில நேரம் ரேஸ் கொடுத்தும் நகராத பிடிவாதம். அவ்வளவுதான் அதன் பேச்சு.

கை காட்டுவதற்கு நியாயமும் உண்டு. டார்க் கன்வர்ட்டர் கடைசிவரை உள்ளே போய் உட்காருமுன் போல்ட்டை முறுக்கிவிட்டால், எண்ணெய் பம்ப் முதல் ஸ்டார்ட்டிலேயே போய்விடும். பழைய கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்து உதிர்ந்த கரி, எண்ணெயைக் குளிர வைக்கும் குழாய்களில் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் புதுப் பெட்டி முதல் வாயிலேயே பழைய அழுக்கைக் குடிக்கும். எண்ணெய் அளவு இன்னொரு தொல்லை. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். குறைந்தால் கிளட்ச் வழுக்கும். கூடினால் எண்ணெய் நுரைக்கும், நுரையில் அழுத்தம் நிற்காது, அப்போதும் வழுக்கும். டிப்ஸ்டிக்கைத் துடைக்க நூல் பிரியாத துணி வேண்டும் என்பார்கள், ஒரு நூலிழை உள்ளே போனாலும் வால்வு சிக்கிக்கொள்ளும் என்று. நம் ஊர்ப் பட்டறைகளில் டிப்ஸ்டிக் துடைப்பது எதனால் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த வழக்கில் இவை எதுவுமே குற்றவாளி இல்லை.

மெர்சிடிஸ் பென்ஸின் W123 என்ற கார், எழுபதுகளின் நடுவில் தொடங்கி 1986 தொடக்கம்வரை ஏறக்குறைய 27 லட்சம் வெளிவந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் சிலர் அதை இங்கே கொண்டுவந்தார்கள். என் பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். டீசல், ஆட்டோமேட்டிக், கப்பல் மாதிரி நீளம், கோடம்பாக்கத்துச் சந்தில் திருப்ப முடியாது. அதற்கு வயதான காலத்தில் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து, ஒவ்வொரு கியர் மாறும்போதும் பின்னாலிருந்து யாரோ முட்டியது போல ஓர் இடி. பின்சீட்டில் இருந்த பெரியம்மா கோயிலுக்கு ஆட்டோவில் போகத் தொடங்கினார்.

பெரியப்பாவிடம் இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. ஓவர்ஹால்காரன் முதல் கியரைக் கழற்றி எடுத்துக்கொண்டான் என்றார். வண்டி இரண்டாவதில் கிளம்புகிறதாம், அதைக் காதாலேயே கண்டுபிடித்துவிட்டாராம். காது பொய் சொல்லவில்லை. அந்தக் காலத்து பென்ஸ் பெட்டிகள் சில, லேசாக மிதித்தால் இரண்டாவது கியரிலேயே கிளம்பும்படி செய்யப்பட்டவை. அழுத்தி மிதித்தால்தான் முதல் கியர் எழுந்து வரும். அந்த வண்டி பிறந்ததிலிருந்தே அப்படித்தான் கிளம்பியிருக்கும். ஆனால் சந்தேகம் வந்த பிறகுதானே மனிதன் காது கொடுத்துக் கேட்கிறான்.

அதைப் பார்க்க வந்தவர் புதுப்பேட்டைப் பக்கத்து பாய் ஒருவர். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் வயதுடைய வண்டி இல்லை அது. அவரும் அப்படிப்பட்ட மெக்கானிக் இல்லை. கியர்பாக்ஸ் இருக்கும் பக்கமே போகாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சாவியை எடுத்தா வண்டி உடனே நிக்குதா சார்?"

"அது நிக்கும் பாய், கொஞ்சம் மெதுவா நிக்கும். இல்லேன்னா பானெட்டைத் தூக்கி ஸ்டாப்பை அமுக்கிடுவேன்" என்றார் பெரியப்பா, அதுவும் வண்டி ஓட்டுவதில் ஒரு பகுதி என்பது போல. அந்த டீசல் எஞ்சினில் 'ஸ்டாப்' என்று எழுதிய ஒரு நெம்புகோலே இருக்கும். ஆபத்துக்கு வைத்ததை அவர் தினசரிக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"கதவெல்லாம் ஒண்ணா லாக் ஆகுதா?"

"பின்கதவு ஒண்ணு ஆகாது. அதுக்கும் கியருக்கும் என்ன?"

பாய் பதில் சொல்லவில்லை. பானெட்டைத் தூக்கி, பென்சிலைவிட மெல்லிய ஒரு மஞ்சள் குழாயை உருவினார். அதன் நுனியை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு நாக்கால் அடைத்தார். குழாய் நாக்கைப் பிடித்துக்கொண்டால் காற்று எங்கும் கசியவில்லை என்று அர்த்தம். பிடிக்கவில்லை. இன்னொரு முறை கன்னம் ஒட்ட உறிஞ்சினார். நாக்கு சும்மா நழுவியது. சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து, கதவுகளுக்குப் போகும் கிளையை மட்டும் அடைத்தார். "இப்ப ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார்."

போய் வந்தோம். வெண்ணெயில் கத்தி போல என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை, கியர் மாறுவது தெரிந்தது. ஆனால் இடி இல்லை. சாவியை எடுத்ததும் எஞ்சின் பட்டென்று நின்றது. பெரியப்பாவுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம் போலத் தோன்றியது.

விஷயம் இதுதான். பெட்ரோல் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வழியை ஒரு தட்டு மறைப்பதால் வேக்குவம் இலவசமாகக் கிடைக்கும். டீசலில் அந்தத் தட்டு இல்லை. அதனால் பென்ஸ்காரர்கள் எஞ்சினோடு ஒரு வேக்குவம் பம்பையே மாட்டினார்கள். கையில் வேக்குவம் வந்ததும் ஆசை விடுமா? பிரேக்குக்கு உதவ அது, எஞ்சினை நிறுத்த அது, நாலு கதவையும் பூட்ட அது, கியர்பாக்ஸுக்குச் சேதி சொல்லவும் அது. கடைசியில் சொன்னதுதான் நமக்கு முக்கியம். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் பெட்டிக்குப் போகும் வேக்குவம் அதிகம். அது மென்மையாக கியரை மாற்றும். அழுத்தினால் வேக்குவம் குறையும்; "பாரம் ஏறிவிட்டது" என்று பெட்டி எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் கிளட்சை இறுக்கிப் பிடிக்கும். பின்கதவுக்குள் விரல் அளவு ரப்பர் ஒன்று கிழிந்தால் போதும். வேக்குவம் அங்கே ஒழுகும். பெரியப்பா நத்தையாக ஊர்ந்தாலும் பெட்டிக்குக் கிடைக்கும் சேதி அவர் மலையேறுகிறார் என்பதுதான். அது தன் கடமையைத்தான் செய்தது, சற்று அதிக விசுவாசத்தோடு.

பெட்டியின் பக்கவாட்டில் இந்தச் சேதியைப் படிக்கும் மாடுலேட்டர் ஒன்று உண்டு. அதைத் திருகி இடியைக் குறைக்கலாம். பலரும் முதலில் அதைத்தான் திருகுவார்கள். கசிவு அப்படியே இருக்க, அழுத்தம் மட்டும் இறங்கும். பிறகு யாராவது கசிவைச் சரிசெய்தால் அழுத்தம் போதாமல் கிளட்ச் வழுக்கி எரியும். நல்ல பெட்டியை நாசமாக்க இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை. பாய் அதைத் தொடக்கூட இல்லை. புறப்படுமுன் டிப்ஸ்டிக்கை மட்டும் உருவி, ஒரு சொட்டை இரு விரலுக்கிடையில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். நல்ல சிவப்பு, கருகிய வாடை இல்லை. "பொட்டி நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றார். பெரியப்பா அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்தச் சிவப்பு வெறும் சாயம், எஞ்சின் எண்ணெய்க் கசிவோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க. எனக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் மோகம் பிடித்தது. தேடிப் படித்தபோது திமிங்கலத்தில் போய் முட்டினேன். பெருவாரியாக விற்ற முதல் முழு ஆட்டோமேட்டிக், ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக், 1939-இல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. பிறகு பல ஆண்டுகள் இந்த வகைப் பெட்டிகளின் எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய் கலந்தார்கள். ஆயிரம் மீட்டருக்கும் கீழே முக்குளிக்கும் பிராணி, தலைக்குள்ளேயே பீப்பாய் பீப்பாயாக எண்ணெய் வைத்திருப்பது. வேதியியல்படி அது நம் தேங்காய் எண்ணெய் போன்ற கொழுப்பு அல்ல, திரவ மெழுகு. சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் அசையாது. இரும்பும் கிளட்ச் பிளேட்டும் அதிராமல் வெடுக்கென்று இழுக்காமல் பிடித்துக்கொள்ள அதைப்போல ஒன்று அமையவில்லை. அலுவலகம் போகும் டெட்ராய்ட்காரர் டி-யில் போட்டு நிம்மதியாகக் கிளம்ப, நடுக்கடலில் ஈட்டி பாய்ந்திருக்கிறது.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கலப் பொருள்களைத் தடை செய்தது. எண்ணெய்க்காரர்கள் திண்டாடினார்கள். ஆரம்பத்தில் வந்த மாற்று எண்ணெய் ஒன்று ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விப்பானின் பற்றவைப்பை அரிக்க, அதற்கு ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு திருத்தம். டெக்ஸ்ரான் என்ற கியர்பாக்ஸ் எண்ணெயின் பெயருக்குப் பின்னால் ரோமன் எண்கள் ஏறிக்கொண்டே போனதில் இந்தக் கதைக்கும் பங்கு உண்டு. திமிங்கல எண்ணெய்க்கு நெருங்கிய உறவாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று சொனோரா பாலைவனத்துப் புதரின் விதை, ஜோஜோபா. கியர்பாக்ஸுக்காகப் பெரிய கனவோடு அதைப் பயிரிட்டார்கள். கடைசியில் அது ஷாம்புவிலும் முகக் கிரீமிலும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதே திமிங்கலத்தின் குடலில் திரளும் அம்பர் கட்டி பிடிபட்டதாக நம் கடலோர மாவட்டங்களிலிருந்து அவ்வப்போது செய்தி வரும். அதை வைத்திருப்பதே இங்கே குற்றம். அப்படியொரு செய்தி வந்த நாளில் பெரியப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். வேட்டை, தடை, மாற்று எண்ணெய், எல்லாம். பொறுமையாகக் கேட்டவர், பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ அந்த ஓவர்ஹால்காரன் நம்ம வண்டியில இருந்த திமிங்கலத்தையும் எடுத்துட்டான்னு சொல்லு."