அம்மா சொன்ன ஒரு பொய்... விலை 2,480 ரூபாய்!

"ஒண்ணுமில்ல கண்ணு... கையில ஊசி ஏறிடுச்சு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

ஆம்பூரிலிருந்து அம்மா போனில் இப்படிச் சொன்னபோது, நான் சென்னையில் ஏதோ ஒரு வைரல் வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனால், இடது ஆள்காட்டி விரல் வீங்கிக் கிடக்கிறது. அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர். மெஷின் ஊசி நகத்தைத் துளைத்து உள்ளேயே உடைந்திருக்கிறது. சீழ் வைத்து, 24 நாள் வேலைக்குப் போக முடியவில்லை.

"டாக்டர்கிட்ட என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"வீட்ல தைக்கும்போது குத்திடுச்சுன்னு சொன்னேன். சூப்பர்வைசர்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. ஆக்சிடென்ட்னு எழுதினா ஆயிரம் கேள்வி வருமாம். 14 வருஷமா சோறு போடுற இடம், நமக்கு எதுக்கு வம்பு?"

அப்போது எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. லீவு நாளுக்கான பணம் வந்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவிகிதம் நம்மிடம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவிகிதம் கட்டும். சாதாரண நோய் என்றால் சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். அதுவும் வருஷத்துக்கு 91 நாள்தான். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. வேலையில் அடிபட்டது என்றால் 90 சதவிகிதம். குணமாகும்வரை கிடைக்கும், நாள் கணக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

அம்மாவின் நாள் சம்பளம் 400 ரூபாய். 'நோய்' கணக்கில் கிடைத்தது 6,160. 'விபத்து' என்று பதிவாகியிருந்தால் 8,640. அந்த ஒரு பொய்க்கு விலை 2,480 ரூபாய். எங்கள் வீட்டில் அது ஒரு மாச மளிகை.

பணம்கூடப் போகட்டும். அம்மாவின் அந்த விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. வேலையில் பட்ட அடியால் நிரந்தர பாதிப்பு என்றால், மெடிக்கல் போர்டு அதை மதிப்பிட்டு, அதற்கேற்ற தொகை ஆயுள் முழுக்க வரும். அதைக் கேட்கப் போனால் முதலில் பார்ப்பது விபத்து அறிக்கையைத்தான். எங்களிடம் இருப்பதோ, 'வீட்டில் குத்தியது' என்ற சீட்டு.

எதிர் வீட்டு அக்காவுக்கு இந்தச் சீட்டுகூட இல்லை. ஏஜென்ட் கொடுக்கும் அப்பரை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவர். எந்தக் கம்பெனி ரெஜிஸ்டரிலும் அவர் பெயர் கிடையாது. ஊசி குத்தினால் மஞ்சள்தான் மருந்து.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். கம்பெனி வேனில் வரும் புதுப் பெண் ஒருத்திக்குக் கையில் கட்டு. அம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"யாரு என்ன சொன்னாலும் டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லு பாப்பா. ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல அன்னிக்கே எழுதச் சொல்லு. எந்த மெஷினு, எத்தனை மணி, பக்கத்துல யாரு இருந்தா... மூணும் இருக்கணும். எழுதினதை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோ."

சொல்லிவிட்டு, மடங்காத அந்த விரலைத் தூக்கிக் காட்டினார்.