தராசும் கொழுந்தும்

கராஜில் சேர்ந்து மூன்று மாதம் ஆவதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குக் காரணம் ஒரு துண்டுக் கம்பி.

பழைய டொயோட்டாக்களில் போனட்டைத் திறந்தால் ஓரமாக ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் ஓட்டைகளின் பெயர் அச்சிட்டிருக்கும். டி.இ.1, இ.1 என்ற இரண்டையும் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் எஞ்சின் லைட் சிமிட்டத் தொடங்கும். இரண்டு சிமிட்டு, ஒரு இடைவெளி, ஒரு சிமிட்டு என்றால் 21. ஒட்சிசன் சென்சரின் குறி. ஸ்கேனர் வாங்க வசதியில்லாத எங்களுக்கு இதுவே ஸ்கேனர்.

பொகவந்தலாவையில் எங்கள் கராஜ் நோர்வூட் பாதையில், ஒரு குழியும் தகரக் கூரையும் மட்டும் உள்ள இடம். ஒருநாள் பாஸ் ஊரில் இல்லாத நேரம் ஒரு ஸ்கூல் வேன் வந்தது. கம்பியைப் போட்டேன், 21 வந்தது. "சென்சர் போச்சு அண்ணே" என்றேன். அவர் எங்கோ கடன் வாங்கிப் புதுசு வாங்கி வந்தார். நானே மாட்டினேன். லைட் அணைந்தது. இரண்டு கிழமையில் மறுபடி எரிந்தது.

பாஸ் வந்து எதையும் கழற்றவில்லை. பழந்துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மெனிஃபோல்ட் பக்கம் காதைக் கொடுத்தார். என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். சிக் சிக் சிக். கேஸ்கட் ஓரம் கருகி, அந்த இடுக்கால் வெளிக்காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. சென்சர் அந்தக் காற்றைத்தான் பார்த்திருக்கிறது. 'ஒட்சிசன் கூடிப்போச்சு, பெற்றோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கிறது. கம்ப்யூட்டரும் நம்பி இன்னும் பெற்றோலை ஊற்றியிருக்கிறது. சென்சர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"கொழுந்து கொறஞ்சதுக்குத் தராச ஒடைச்சா சரியாயிருமாடா?" என்றார் பாஸ். அதற்கு மேல் திட்டவில்லை. கேஸ்கட் காசை மட்டும் என் சம்பளத்தில் பிடித்தார். நியாயம்தான்.

ஆனால் தராசும் பொய் சொல்லும். தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் கூடை நிறைய நிறுத்துவிட்டு, சீட்டில் இரண்டு கிலோ குறைவாகப் பார்த்து அம்மா முணுமுணுத்தபடி வந்த நாட்கள் எத்தனையோ. அப்படியென்றால் எப்போது கொழுந்தைச் சந்தேகிப்பது, எப்போது தராசை? பாஸிடம் நான் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். "படிக்கல் வச்சுப் பாரு" என்றார்.

அந்தப் படிக்கல்லைக் காட்டித்தரும் வண்டி 2022 கடைசியில் வந்தது. ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரின் டொயோட்டா கார், தொண்ணூறுகளில் செய்தது. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றுபோனதால் கிழட்டு வண்டிகளுக்கெல்லாம் மறுபிறவி வந்திருந்தது. பெற்றோல் கியூஆர் பங்கீட்டில் கிடைத்துக்கொண்டிருந்த காலம். முதலில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்றுதான் தொடங்கினார்கள். மாஸ்டரின் காரோ அதைக் குடித்துக் கரும்புகையாக்கிக்கொண்டிருந்தது. புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை. அது தேறாமல் லைசன் புதுப்பிக்க முடியாது.

கார்பரேட்டர் காலத்தில் மலையில் இது சாதாரணம். கொழும்பில் சரியாக ட்யூன் பண்ணின வண்டி நாலாயிரம் அடி ஏறி வந்தால் காற்று மெலிந்து பெற்றோல் மிஞ்சும், கரும்புகை கக்கும். ஊசி போட்ட மாதிரி அளந்து பெற்றோல் அடிக்கும் வண்டிகளில், சைலன்சர் குழாயில் உட்கார்ந்து மிச்ச ஒட்சிசனைப் பார்த்துச் சொல்வதற்கென்றே இந்தச் சென்சர் இருக்கிறது. 1976இல் பொஷ் கம்பெனி செய்து வொல்வோ காரில்தான் முதலில் வந்தது. உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான் விரல். ஒருபக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. 300 பாகைக்கு மேல் சுட்டால், இரண்டு பக்க ஒட்சிசனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப மின்சாரம் பிறக்கும். பெற்றோல் மிஞ்சினால் 0.9 வோல்ட் அளவு, காற்று மிஞ்சினால் 0.1. நல்ல சென்சர் ஓரிடத்தில் நிற்காது, இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும்.

மாஸ்டர் காரிலும் 21தான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. துணியை அழுத்தினேன், சிக் சிக் இல்லை. வக்கூம் குழாய்களைத் தடவிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, சென்சரின் நீல வயரில் டிஜிட்டல் மீற்றரைக் கொடுத்தேன். (முள் மீற்றரை அங்கே வைக்கக்கூடாது, அந்தத் துளி மின்சாரத்தை அதுவே குடித்துவிடும்.) 0.15இல் அசையாமல் நின்றது. சைலன்சரில் கரும்புகை, சென்சரோ காற்று மிஞ்சிவிட்டது என்கிறது.

பாஸ் கார்பரேட்டர் கிளீனர் டின்னை நீட்டினார். "காத்து போற வாயில கொஞ்சம் அடி." அடித்தேன். எஞ்சின் முக்கியது. மீற்றர் 0.9க்குத் தாவியிருக்க வேண்டும். 0.2க்கு நகர்ந்து மறுபடி படுத்துக்கொண்டது. படிக்கல்லை வைத்தும் தராசு இறங்கவில்லை. அன்றுதான் தைரியமாகச் சொன்னேன்: "சென்சர் போச்சு பாஸ்."

கழற்றுவது தனிப் பாடு. இருபத்தைந்து வருஷம் வெந்து துருவேறிய மரை. முந்தின நாள் இரவே துருவெண்ணெய் விட்டு, காலையில் எஞ்சினைச் சூடாக்கி, வயரை வெட்டிவிட்டு 22 ரிங் ஸ்பேனரை மாட்டினோம். செத்த சென்சருக்கு வயர் எதற்கு? குழாயை ஸ்பேனர் கைப்பிடியில் செருகி இருவரும் தொங்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம். மரை கொடுத்ததா, உடைந்ததா என்று தெரியாத அந்த ஒரு நொடி இருக்கிறதே! கொடுத்திருந்தது.

முனையில் கரி. அதை நகத்தால் சுரண்டினால் அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை. "சிலிக்கன்" என்றார் பாஸ். யாரோ எப்போதோ எஞ்சினைப் பிரித்துக் கேஸ்கட்டுக்குப் பதிலாக ரப்பர் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார்கள். அதன் ஆவி எரிந்து சென்சரின் மூச்சை அடைத்துவிட்டது. ஈயப் பெற்றோலும் இப்படித்தான் கொல்லும். அது 2002இலேயே இங்கே நின்றுவிட்டது.

பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் கழற்றின சென்சர் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குவது அடுத்தவன் பல்துலக்கியை வாங்குகிற கதை. புதுசு, ஆனால் எல்லா வண்டிக்கும் போடும் பொதுச் சென்சர் ஒன்று கொழும்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பழைய பிளக்கை வெட்டி இதில் சேர்க்க வேண்டும். பழையதில் கறுப்பு இரண்டு, நீலம், வெள்ளை. புதியதில் வெள்ளை இரண்டு, கறுப்பு, சாம்பல். நான் கறுப்போடு கறுப்பை முறுக்கிவிட்டேன். பாஸ் என் மணிக்கட்டைப் பிடித்தார். பழையதில் கறுப்பு இரண்டும் சென்சரைச் சூடாக்கும் ஹீட்டர். புதியதில் ஹீட்டர் வெள்ளை, கறுப்புதான் சிக்னல். சாவியைத் திருப்பியிருந்தால் 12 வோல்ட் நேரே பீங்கானுக்குப் போயிருக்கும்.

ஈயம் பற்றவும் விடவில்லை. வெளிக்காற்று வயர் இழைகளுக்கு நடுவேதான் சென்சருக்குள் போகிறது, ஈயம் அதை அடைத்துவிடும். கிரிம்ப் பண்ணினோம். மரைக்கு மட்டும் இறுகிப்பிடிக்காமலிருக்கும் பசை தடவி, முனையில் படாமல், கையாலேயே கடைசிவரை ஏற்றிவிட்டுப் பிறகுதான் ஸ்பேனர். ஈ.எஃப்.ஐ. ஃபியூஸைக் கழற்றிப் போட்டுப் பழைய குறியை அழித்தோம்.

கடைசிச் சோதனைக்கு முள் மீற்றர். கறுப்புப் பெட்டியில் டி.இ.1, இ.1ஐக் கம்பியால் இணைத்துவிட்டு, வி.எஃப்.1 ஓட்டையில் மீற்றரைக் கொடுத்தோம். எஞ்சினை 2500 சுற்றில் பிடித்தால் பத்து செக்கனில் முள் எட்டுத் தடவையாவது ஆட வேண்டும். மாஸ்டர் ஆக்சிலேட்டரை மிதிக்க, பாஸ் கைக்கடிகாரத்தைப் பார்க்க, நான் எண்ணினேன்.

"ஒம்பது."

"மறுபடி எண்ணு."

எண்ணினேன். ஒன்பதுதான். பாஸ் ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு, மூன்று பிளேன்ட்டீக்குச் சொல்லிவர எதிர்க் கடைக்குப் போனார்.