மடையும் மடிக்கணினியும்

கம்பத்தில், அப்பாவின் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிய அன்றே வைஃபை, புளூடூத் இரண்டும் மறைந்தன. அப்பாவுக்குச் செவித்திறன் குறைந்துவிட்டது. புளூடூத் ஹெட்போன் இல்லையேல் கடல் கடந்திருக்கும் பேத்தியின் குரல் அவரை எட்டாது. நானோ மறுநாள் சென்னை திரும்பவேண்டும்.

வைஃபை சில்லுக்குரிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்றது கெர்னலின் குறிப்பேடு. கோப்பைத் தரவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கோ அக்கோப்பு வேண்டும். கைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கடன் வாங்கிக் கோப்பை நிறுவினேன். அப்போதும் பயனில்லை. ‘ஆர்எஃப்கில்’ கட்டளை இருவகைத் தடைகளைக் காட்டியது: மென்தடை, வன்தடை. முன்னதைக் கட்டளையால் நீக்கலாம். பின்னது எந்தக் கட்டளைக்கும் பணியாது.

“வாய்க்கால்ல தண்ணி வரலேன்னா மொதல்ல மடையப் பாருப்பா” என்றார் அப்பா. 1895-இல் மலையைக் குடைந்து கொணர்ந்த பெரியாற்று நீரில் நெல் விளைவித்த குடும்பம் எங்களுடையது. மடிக்கணினியின் விளிம்பைத் தடவினேன். சிறு விசையொன்று அணைந்து கிடந்தது. தள்ளினேன், இரண்டும் விழித்துக்கொண்டன.

ஆனால் குரல் விட்டுவிட்டு வந்தது. புளூடூத்தும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் சீரானது.

பேத்தி என்ன கேட்டாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. “கேக்குது தாயி” என்றார் அப்பா. அதையே மூன்று முறை சொன்னார்.