பெயர் வராத நோய்

ஞாயிறு

காலையில் நானே தலைவாரிப் பின்னல் போட்டுக்கொண்டேன். மாலையில் அதே கை தோளுக்கு மேல் எழவில்லை. தூக்கக் கலக்கமில்லை, மூச்சு வாங்கவில்லை. தசை மட்டும் வேலையை நிறுத்திவிடுகிறது. கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் பாதி பலம் திரும்புகிறது. “உடம்புல சத்தே இல்லம்மா, முருங்கைக்கீரை சாப்பிடு” என்றார் எதிர்வீட்டு அக்கா. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் குறையில்லை.

புதன்

திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் மருத்துவமனைக்கு. நரம்பை விநாடிக்கு மூன்று முறை மின்சாரத்தால் தூண்டித் தசையின் பதிலை அளந்தார்கள். முதல் துடிப்பைவிட நான்காவது 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோய் என்று சந்தேகிப்பார்கள். எனக்கு அந்த எல்லையிலேயே நின்றது. ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் இல்லை. “அதை வச்சு இல்லைன்னும் சொல்லிட முடியாதும்மா” என்றார் மருத்துவர். உடல் முழுவதும் மயஸ்தீனியா பரவியவர்களிலேயே சுமார் 15 சதவீதம் பேருக்கு அந்த எதிர்ப்பொருள் தென்படுவதில்லை. பரம்பரையாக வரும் தசைநோயாகவும் இருக்கலாம். எந்த வேளையில் எந்தத் தசை தளர்கிறது என்று எழுதிவரச் சொன்னார்.

வெள்ளி

மயஸ்தீனியாவில் மஸ்க் என்னும் புரதத்தைத் தாக்கும் இன்னொரு எதிர்ப்பொருளை 2001இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பு ‘ரத்தத்தில் ஒன்றுமில்லை’ என்று சீட்டு வாங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு அதன்பிறகே காரணம் தெரிந்தது. அவர்கள் உடம்பில் நோய் முன்பே இருந்தது. அதைக் காட்டும் சோதனைதான் பிறக்கவில்லை. இதைப் படித்ததிலிருந்து என் சீட்டைப் பார்த்துக் கூசுவதில்லை.

பௌர்ணமி

செங்கம் சாலை முழுக்க ஜனம். “மனசு வச்சா நடந்துடலாம்டி, அண்ணாமலையார் கூட்டிட்டுப் போவார்” என்றாள் அம்மா. 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பது இந்த ஊரில் பக்தி மட்டுமல்ல, உடம்பு நன்றாயிருக்கிறது என்பதற்கான சாட்சியும்கூட. நடக்க நடக்கத் தளர்வதுதான் இந்த நோயின் குணம், மன உறுதி அதை மாற்றாது என்று பொறுமையாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு, தனியாகப் புறப்பட்டாள்.

செவ்வாய்

சேலத்துச் சகோதரிகள் வானவன்மாதேவியையும் இயல் இசை வல்லபியையும் நினைத்துக்கொண்டேன். தசைச்சிதைவோடு வாழ்ந்துகொண்டே அதே நோயுள்ளவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையை நடத்தியவர்கள். வானவன்மாதேவி 2017இல் மறைந்தார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் தசைச்சிதைவு இருக்கிறது. நோய் இன்னதென்று முடிவாகாதவர்கள் எந்த வகையில் போய் நிற்பது?

நாளை நான் பாடம் நடத்தும் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேட்கப்போகிறேன்: கடினமான பாடங்களைக் காலைப் பிரிவேளைகளில் கொடுங்கள், உட்கார்ந்து பாடம் நடத்த நாற்காலி கொடுங்கள். மருத்துவர் நோயின் பெயரைத் தேடட்டும். அதற்கு ஆண்டுகள் ஆகலாம். நாற்காலி கொடுக்க அந்தப் பெயர் தேவையில்லை. சொல்பவளை நம்பினால் போதும்.